ஒரு பைட் தள்ளி வில்லங்கம்

கே: சி மொழியில் அளவு பார்த்துச் சரத்தை நகலெடுக்கும் ஃபங்ஷன் எழுதினேன். 'ஹலோ' போட்டுச் சோதித்தால் போதாதா?

ப: 'ஹலோ' எதில் போட்டாலும் பாஸாகும்! பஃபர் 8 பைட் என்றால் 0, 1, 6, 7, 8, 9 பைட் நீளச் சரங்களைக் கொடுங்கள். 7 முழுசாக அடங்க வேண்டும்; எட்டாவது பைட், சரத்தின் முடிவைக் குறிக்கும் 'நல்'லுக்கு. 8 வெட்டுப்பட வேண்டும். வில்லங்கம் அந்த இடத்தில்தான் குடியிருக்கிறது.

கே: அதற்குத்தான் 'ஸ்டிரென்காப்பி' இருக்கிறதே?

ப: பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு ஒதுக்கிய 14 பைட்டை நிரப்பப் பிறந்தது அது. சரம் நீண்டால் கடைசியில் நல் வைக்காது. குட்டையானால் மிச்ச இடமெங்கும் நல்லைக் கொட்டும்.

கே: 'ஸ்டிரெல்காப்பி' தேவலையா?

ப: 1998-ல் ஓபன்பிஎஸ்டியில் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் தந்தது. மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பிச் சொல்லும். அது பஃபர் அளவை எட்டினால் சரம் வெட்டுப்பட்டது என்று பொருள். டெஸ்டில் இந்த எண்ணைப் பார்க்காதவர் பாதி வேலைதான் பார்த்தார்.

கே: அளவு 0 என்றால்?

ப: ஒரு பைட்டும் எழுதக் கூடாது. 'அளவில் ஒன்று கழி' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினீர்களோ, தொலைந்தது! குறியில்லா எண்ணில் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் கடன்காரன் ஆகமாட்டான், குபேரன் ஆகிவிடுவான்.

கே: எல்லை தாண்டி எழுதியதை எப்படிப் பிடிப்பது?

ப: 16 பைட் எடுத்து முழுக்க '#' நிரப்புங்கள். ஃபங்ஷனிடம் 8 என்று மட்டும் சொல்லுங்கள். ஓடி முடித்ததும் ஒன்பதாவது பைட்டில் '#' இல்லையா? திருடன் அகப்பட்டான். அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியையும் போட்டு ஓட்டுங்கள். மூலத்தில் அத்துமீறிப் படித்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

கே: தமிழ்ச் சரத்துக்கும் இதே டெஸ்ட்தானா?

ப: யூடிஎஃப்-8-ல் 'தமிழ்' 15 பைட், நல்லோடு 16. பஃபர் 13 என்றால் 'தமிழ' மட்டும் தேறும், புள்ளி அம்பேல்! 14 என்றால் புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு, திரையில் குப்பை விழும். சி-க்கு இரண்டும் சரி. நமக்கு இரண்டும் தப்பு. இதற்குத் தனி டெஸ்ட் கட்டாயம்.

கே: நாலு வரி ஃபங்ஷனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

ப: 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய 'மோரிஸ் புழு' என்ற நிரல், ஃபிங்கர் சேவையின் 512 பைட் பஃபரை நிரம்பி வழிய வைத்துத்தான் பல கணினிகளுக்குள் புகுந்தது. அளவே கேட்காமல் உள்ளே விட்ட அந்த 'கெட்ஸ்' ஃபங்ஷனுக்கு 2011-ம் ஆண்டின் சி தரம் கல்தா கொடுத்தது. அளவு கேட்கிற ஃபங்ஷன், கேட்டபடி நடக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு!