மெல்லோட்ட மீமாம்சை

தேக நலத்தை உத்தேசித்து வைகறையில் ஓடப் புறப்படும் கிருகஸ்தர், எந்த வேகம் தமக்குத் தகும் என்று நிச்சயிக்காமலே, சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையருகே ஆவேசமாகத் தொடங்கிக் காந்தி சிலையருகே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது நித்திய காட்சியாயிருந்தும், இவ்விஷயத்தைச் சாஸ்திர முறைப்படி ஆராயாதது நம் பண்டித உலகத்தின் குறையே ஆகும்.

ஓட்டத்தின் கதி மூவகைப்படும். மூச்சும் காலும் தமக்குள் சமரசமாய்ச் செல்வது சுபாவ கதி. பின்னால் வந்தவர், அதிலும் வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர், நம்மைக் கடந்து செல்லும் கணத்தில் ஜனிப்பது ஸ்பர்தா கதி. தெருநாயின் அனுக்கிரகத்தால் சித்திப்பது சுவான கதி. மறைந்து கிடந்த சக்தியை இது வெளிக்கொணரும் என்பது மெய்யேயாயினும், தினசரி அப்பியாசத்துக்கு உகந்ததன்று. முழங்கால் நோவுகளுக்கு மூலகாரணம் பெரும்பாலும் இரண்டாவதே என்பது எமது துணிபு.

கணித பட்சத்தார், 220இலிருந்து வயதைக் கழித்து இதயத் துடிப்பின் உச்சத்தைக் கண்டு, அதில் முக்கால் பங்குக்குள் ஓடுக என்பர். ஒரே வயதினர் இருவருக்கிடையே பத்துப் பதினைந்து துடிப்பு வேறுபடுவது சகஜமாதலாலும், மே மாதத்துப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் இரத்தம் உடலைக் குளிர்விக்கச் சருமத்துக்கும் ஓட வேண்டியிருப்பதால் அதே வேகத்திலேயே துடிப்பு ஏறிவிடுமாதலாலும், இது முழுப் பிரமாணமாகாது. சுவீடன் தேசத்து குன்னார் போர்க், சிரமத்தை ஓடுபவரே 6 முதல் 20 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்பு ஏறக்குறையக் கிட்டும் என்பதே ஆறில் தொடங்கியதன் நியாயம். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் ஆறு மதிப்பெண் வழங்கும் இத்தகைய தாராளத்தை நம் பரீட்சை அதிகாரிகளிடம் நாம் கண்டதில்லை.

நியூஜிலாந்தின் ஆர்தர் லிடியார்டோ, இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டர் பந்தயத்துக்கு வாரம் நூறு மைல் ஓட்டத்தை விதித்து, 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல்லைத் தங்கம் பெறச் செய்தவர். பின்னர் ஆக்லாந்தில் சாமானியர்களையும் மெல்லோட்டத்தில் இறக்கினார். சாமானியருக்கு இம்மரபில் வழங்கும் பரீட்சை சுலபமானது: ஓடியபடியே உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், வாக்கியம் நடுவே அறுமாயின் வேகம் மிகை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். உட்கார்ந்திருக்கையிலேயே ஒற்றைச் சொல்லில் பதிலளிப்போரும், மூச்சு நின்றாலும் பேச்சு நில்லாதோரும் உலகில் உளராகலின், பரீட்சிக்கப்படுவது நுரையீரலா, குணமா? சமாதானம் யாதெனில், ஒருவர் தம் வழக்கமான பேச்சோடு தம் ஓட்டப் பேச்சை ஒப்பிட்டால் போதும். ஆயின் பேசுபொருளில் ஜாக்கிரதை தேவை. அரசியலை எடுத்தால் கால் அசையாமலே நாடி எகிறும். சம்பள உயர்வைத் தொட்டால் பெருமூச்சு குறுக்கிட்டு முடிவைப் பிறழச் செய்யும். எவர் மனத்தையும் அசைக்காத வானிலையே உத்தமம். சென்னையிலோ மே மாதத்தில் அதுவும் விலக்கு.