ஐந்தாம் படி ஏறிய கதை

ஹெப்பாள் என்றதும் பெங்களூரு மேம்பாலத்தில் சிக்கிக்கிடப்பவர்கள் பதற வேண்டாம். இது மைசூரு ஹெப்பாள், இன்ஃபோசிஸ் பயிற்சி மையம் இருக்கும் ஊர். 2009-இல் சோனியா காந்தி திறந்துவைத்த கட்டடத்தின் தூண்களைப் பார்த்தால், ஜூலியஸ் சீசரே கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி வந்துவிட்டாரோ என்று தோன்றும். உள்ளே மெக்கானிக்கலும் சிவிலும் படித்துவிட்டு ஜாவா உருப்போடும் நம் பிள்ளைகள். பாஸ் செய்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

இந்தப் பரீட்சைப் பித்துக்கும் பென்டகனுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அமெரிக்க ராணுவம் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளெல்லாம் கெடு தாண்டி, பட்ஜெட்டையும் தின்றுவிட்டு வந்தது. எந்தக் கம்பெனியை நம்புவது? ஐபிஎம்மிலிருந்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு வந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி, கம்பெனிகளை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதுதான் பின்னால் சிஎம்எம் என்ற அளவுகோல் ஆனது. முதல் படியில் ஒரு சூரப்புலி விடியவிடிய விழித்துக் காப்பாற்றுவான். அவன் லீவு போட்டால் கம்பெனியே லீவு. ஐந்தாம் படியில் நிறுவனம் தன் பிழைகளை அளந்து, வேரைத் தேடி, தன்னையே திருத்திக்கொள்ளும்.

அமெரிக்க புரோகிராமருக்குக் கோபம் வந்தது. கலைஞனைப் போய்ப் படிவம் நிரப்பச் சொல்வதா? நமக்கோ அது ஐந்து வகுப்பு, ஒரு பரீட்சை, கடைசியில் சர்டிஃபிகேட். எல்கேஜியிலிருந்து இதற்குத்தானே தயாராகிறோம்! 1990-களில் பெங்களூரு மோட்டோரோலா ஐந்தாம் படி ஏறியது, 1998-இல் விப்ரோ, 1999-இல் இன்ஃபோசிஸ். சில வருடங்களில் உலகின் ஐந்தாம் படிக்காரர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். வேலை கொடுத்த அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் முதல் படியிலேயே சௌக்கியமாக உட்கார்ந்து, “நாளைக்கே வேணும்” என்றன. ஐந்தாம் படியிலிருந்து பவ்யமாகப் பதில் போனது: “ஷ்யூர் சார்.”

இந்தப் பவ்யத்தில்தான் ஹம்ஃப்ரியின் கணக்கு இடித்தது. ரெவ்யூ படிவத்தில் குறை எழுதக் கட்டம் இருந்தது. டீம் லீட் எழுதிய கோடில் குறை எழுதத்தான் ஆள் இல்லை. பெரியவர் சொன்னால் தப்பாக இருக்குமா? ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி ஆறு மாத மீட்டிங் மினிட்ஸும் ஒரே பிரசவத்தில் பிறந்த கம்பெனிகள் உண்டு. பெயர் கேட்காதீர்கள்.

2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் பதினேழு பேர் கூடி, நடைமுறையைவிட மனிதர்களே முக்கியம் என்று கலகக்கொடி தூக்கினார்கள். அதற்கு அஜைல் என்று பெயர். படிவமெல்லாம் அப்புறம், முதலில் பேசுங்கள் என்றார்கள். நம்மவர்கள் கொஞ்சம் திகைத்தார்கள். பிறகு கேட்டார்கள்: “இதுக்கு பாஸ் மார்க் எவ்வளவு சார்?”