வலி வரட்டும், பார்க்கலாம்

பல் சொத்தையாகத் தொடங்கினால் அந்தச் செய்தி கடைசியாகப் போய்ச் சேர்வது பல்லின் சொந்தக்காரருக்குத்தான். பல்லைப் போர்த்தியிருக்கும் எனாமலுக்கு நரம்பு கிடையாது. அது கரைந்து, அடுத்த அடுக்கும் குடைபட்டு, நரம்பின் பக்கத்தில் பள்ளம் போய் நின்ற பிறகுதான் வலி வரும். அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து பல்லுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பது மருத்துவர் சொல்லும் காரணம். அந்நேரத்துக்கு மெடிக்கல் ஷாப் மூடியிருக்கும் என்பது பல் கண்டுபிடித்த காரணம். அப்புறம் அஞ்சறைப்பெட்டியிலிருந்து கிராம்பு வரும். கிராம்பைக் குறை சொல்ல முடியாது. அதிலுள்ள யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத்தான் பல் மருத்துவரே தற்காலிகமாக அடைக்கிறார். ஆனால் கிராம்பு வலியை மரத்துப்போகச் செய்யுமே தவிர ஓட்டையை அடைக்காது. இதைவிட மோசம், உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். உடையவர் "தானா சரியாயிடுச்சு" என்று நாலு பேரிடம் சொல்லி, அவர்களையும் மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்துவிடுவார். ஆகவே, பல்லைப் பொறுத்தவரை வலி வருவதும் தாமதம், போவதும் பொய். அதை நம்பி மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறிப்பது நியாயமே இல்லை என்பதுதான் என் வாதம்.

புதுப்பட்டினத்துக்காரர்களிடம் இதைச் சொல்லவே வேண்டியிருக்கக்கூடாது. பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். 1984 ஜனவரியில் முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது. நன்றாக ஓடுகிற உலையைக்கூடக் குறித்த காலத்தில் நிறுத்தி, குழாய் குழாயாகச் சோதிக்கிறார்கள். "முதல்ல கசியட்டும் சார், பார்க்கலாம்" என்று அங்கே ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும், ஊர் சும்மா விடுமா? அதே ஊர் தன் கடைவாய்ப் பல் விஷயத்தில் மட்டும் கசிவுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறது. பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றால் "கதிர்வீச்சாச்சே!" என்று பின்வாங்கவும் செய்கிறது. ஒரு பல்லுக்கான சின்ன எக்ஸ்ரேயில் உடம்பில் படுவது, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரு நாளில் நம்மேல் எப்படியும் படுகிற அளவுதான். உலையைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே பல் மருத்துவரின் எக்ஸ்ரே பெட்டிக்கும் அனுமதி தருகிறது.

"எங்க தாத்தா ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வச்சே பல்லைக் காப்பாத்தினார்" என்பது எதிர்க்கட்சியின் முதல் வாதம். தாத்தா குச்சியால் தேய்த்தார் என்பது உண்மை. நாளைக்கு ஆறு முறை சர்க்கரை போட்ட டீ குடிக்கவில்லை என்பதும் உண்மை. பல்லில் பூச்சி இருக்கிறது என்று கண்டங்கத்திரிப் புகை பிடித்த காலம் உண்டு. ஐரோப்பாவும் அதே பூச்சியைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. பிரான்ஸில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728-இல் எழுதிய நூலில், எவ்வளவு தேடியும் புழுவைக் காணோம் என்று கையை விரித்தார். கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன, அதுதான் பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் மில்லர் என்ற ஆய்வாளர் விளக்கினார். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் அந்த அமிலம் அரைமணி நேரம்போலக் கரைத்துவிட்டுத்தான் ஓய்கிறது. அதற்கப்புறம் எச்சில் வந்து சேதத்தை ஓரளவு பூசிச் சரிக்கட்டும், நேரம் கொடுத்தால். ஸ்வீடனில் விப்பேஹோல்ம் என்ற, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லத்தில், இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத ஒரு காரியமாக, 1940-களில் நோயாளிகளுக்கு விதவிதமாக இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையைவிட, இடையிடையே மெல்லும் ஒட்டுகிற மிட்டாய்தான் பல்லை அதிகம் கெடுத்தது. ஒரு லட்டை ஒரே மூச்சில் விழுங்கியவர், ஒரு டீயை ஒரு மணி நேரம் உறிஞ்சுகிறவரைவிடப் பல்லுக்கு நல்லவர். இதைச் சர்க்கரை நோய் மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.

அடுத்து, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது. கண்ணுக்கான நரம்பு மூளையிலிருந்து வரும் இரண்டாவது நரம்பு, பல்லுக்கு வருவது ஐந்தாவது. இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. மேல்பல் மொத்தமும் போன பாட்டிகள் ஊசியில் நூல் கோத்தால் நம்பிக்கைக்காரர் என்ன செய்வார்? "சுத்தம் பண்ணினா பல் ஆடிப்போகும்" என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது: காரை படிந்து ஈறு ஏற்கெனவே இறங்கியிருக்கும், இடுக்கைக் காரையே மூடி மறைத்திருக்கும். காரையை எடுத்ததும் உண்மை தெரிகிறது, பழி சுத்தம் செய்தவர்மேல் விழுகிறது. பால்பல்லுக்கு எதற்குச் செலவு என்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். விழப்போகிற பல்தானே என்று பெற்றோர் கைவிடுவது பெரும்பாலும் அதைத்தான்.

செலவு என்பது நியாயமான ஆட்சேபம். தனியார் கிளினிக்கில் வேர்சிகிச்சை செய்து தொப்பி மாட்டினால் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆனால் அந்தச் செலவு காத்திருந்ததற்கான அபராதம். ஆரம்பத்தில் அடைப்பதற்கு அதில் சிறு பங்கே ஆகும். தவிர, செங்கல்பட்டு மாவட்டத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை: மேல்மருவத்தூர், மதுராந்தகம் பக்கம், காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம் என்று வரிசையாக இருக்கின்றன. மாணவர்கள் பேராசிரியர் முன்னிலையில் சிகிச்சை செய்வதால் வெளியே ஆவதைவிடக் கட்டணம் குறைவு. படிப்பை முடிக்க அவர்களுக்கு இத்தனை பல் அடைத்தாக வேண்டும் என்று கணக்கு உண்டு. சொத்தைப் பல்லை இவ்வளவு ஆவலோடு வரவேற்பவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

மிச்சமிருப்பது பயம். சிகிச்சை வலிக்கும் என்று பயந்துதான் பாதிப்பேர் தள்ளிப்போடுகிறார்கள். மேலோட்டமான சொத்தையை அடைக்கப் பல நேரம் ஊசியே தேவைப்படாது. சீழ் கட்டிய பிறகு வந்தால் ஊசி தேவை. ஆனால் சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை ஏறியிருப்பதால் மரத்துப்போகும் மருந்து சரியாகப் பிடிக்காது. அதனால் முதலில் மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்து வரச்சொல்லி அனுப்புவதும் உண்டு. கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர், அப்படியே ஏந்திக்கொண்டு பஸ் ஏறித் திரும்புவார்.