காலத்தை வென்ற ஐயா

என் மகளுக்கு நன்னெறி வகுப்பு எடுக்கும் தமிழ் ஐயாவை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வள்ளுவர் எந்த நூற்றாண்டு என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஐயா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "குறளுக்குக் காலமே கிடையாது, எழுதிக்கோ." பிள்ளைகளுக்கு எவ்வளவு பாரம் குறைந்தது!

55ஆம் குறள் நடந்தபோது என் மகள் எழுந்து, "சாமியை விட்டுட்டுப் புருஷனைக் கும்பிடணுமா ஐயா?" என்று கேட்டுவிட்டாள். ஐயா கோபித்துக்கொள்ளவே இல்லை. "பரிமேலழகரே உரை எழுதியிருக்கார், உட்காரும்மா." அந்தப் பரிமேலழகர், அறம் என்றால் மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை விடுவதும் என்று உரையின் வாசலிலேயே சொன்னவர், குறளிலோ மனுவின் பெயரே கிடையாது. இந்தப் பழைய தூசியெல்லாம் பிஞ்சு மூக்கில் ஏறக் கூடாதே என்று ஐயாவுக்குக் கரிசனம். வள்ளுவர் சொன்னது எது, உரைகாரர் சொன்னது எது என்று பிரித்துக் காட்டினால் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கிவிடுமே! கற்பு விஷயத்தில் வள்ளுவரோடு சண்டை போட்ட பெரியார், 1949இல் குறளுக்கு மாநாடும் கூட்டினார். பாவம், இரண்டில் ஒன்றுதான் செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்க அவருக்கு இப்படியோர் ஐயா வாய்க்கவில்லை.

ஆனாலும் ஐயாவின் மேதைமை முழுசாகத் தெரிந்தது 'ஒற்றாடல்' அதிகாரத்தில்தான். நாடாளும் அரசன் வேவு பார்க்க எழுதியது என்று வேறொருவர் ஒதுக்கியிருப்பார். காலத்தை வென்றவர் ஒதுக்குவாரா? கிளாஸ் லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "நீதான்டா என் கண்ணு. பேசுறவன் பேரை எழுது" என்றார். ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதெல்லாம் சந்தேகப் பிராணிகளான மன்னர்களுக்கு. ஐயாவுக்குப் பிள்ளைகள்மேல் நம்பிக்கை அதிகம். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த என் மகளின் பெயரும் அன்று போர்டில் இருந்ததாம், பக்கத்தில் மூன்று பெருக்கல் குறியோடு.

ஒற்றனை ஊரறியச் சிறப்பிக்காதே, ரகசியம் வெளியே வந்துவிடும் என்கிறது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள். போன வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் லீடரை மேடைக்குக் கூப்பிட்டு, பள்ளியே கைதட்ட, ஐயா பரிசு கொடுத்தார். திருக்குறள் புத்தகம். பரிமேலழகர் உரையோடு.