மாப்ளயோட லேப்டாப்பும் மைக்கோ பம்பும்

மாப்ள, நீ லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு காருக்குள்ள போயி உக்காந்துக்கறதைப் பாத்துட்டு, பையன் காருக்குள்ள இருந்தும் ஆபீஸ் வேலை பாக்கறான்னு உங்கம்மா பூரிச்சுப் போயிக் கெடக்கறா. நான் ஒண்ணும் சொல்லலை. வண்டி உன்னுது, மாசம் பொறந்தா தவணை கட்டறதும் நீ. கெடுத்துக்கற உரிமையும் உன்னுதுதான். மாமன் குறுக்க நிப்பனா? செய்யி. ஆனா அரையும் குறையுமாச் செஞ்சு, வாரண்டியைப் பாதியில விட்டு வெக்காத. போறதுன்னா முழுசாப் போகட்டும். அதுக்கு வழி சொல்றன், கேட்டுக்க.

ஸ்டியரிங்குக்குக் கீழ, உன்ற முழங்காலுக்கு மேல, பதினாறு பின்னு வெச்ச சாக்கெட் ஒண்ணு இருக்குதே, ஓபிடின்னு சொல்றாங்களே, அங்கதான ஆரம்பம்? அமெரிக்காவுல 1996ல இருந்து எல்லாக் காருக்கும் அந்த மாதிரி சாக்கெட் வெச்சே ஆகணும்னு கட்டாயம் ஆக்கினாங்க. வண்டி புகையை ஒழுங்கா விடுதா, எங்கயாச்சும் கோளாறு இருக்குதான்னு பாக்கறதுக்கு. உங்க கூட்டம் அதை வெச்சு வண்டிக்குப் புத்தி சொல்லவே கெளம்பிருச்சு.

மொதல்ல நீ பண்ணின சின்னச் சேட்டைக எல்லாம் எனக்குத் தெரியும். சிக்னல்ல நின்னா எஞ்சின் தானா அமந்துக்கறது புடிக்கலைன்னு அதை நிறுத்திட்ட. பூட்டறப்ப பீப்புன்னு ஒரு சத்தம் வெச்சுக்கிட்ட. போச்சாது போ. அதுக்கெல்லாம் எஞ்சின் வாரண்டியை எவனும் மறுக்க மாட்டான். பழைய நெம்பரை ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டுத்தான மாத்துன? எழுதலையா? ரொம்ப நல்லது. நாளைக்கு கண்ணாடி எறங்காம நின்னா, எதைத் தொட்டோம்னு தெரியாம நீயும் வண்டிக்குள்ளயே நிக்கலாம்.

அப்பறம் அந்த எம்பது கிலோமீட்டர் பீப்பு. 2019 ஜூலை 1ல இருந்து புதுக் காருல எல்லாம் இருக்கணும்னு சட்டம் போட்டு வெச்சது. 80 தாண்டினா நிமிசத்துக்கு ஒருக்கா கத்தும், 120 தாண்டினா நிக்காமக் கத்தும். சீட்டு பெல்ட்டு மணியும் அதே சட்டத்துலதான் வந்துச்சு. ரெண்டையும் அமத்திப்போட்டா வண்டி எவ்வளவு அமைதியா இருக்குதுன்னு சொல்ற. ஆமா, இருக்கும். உன்ற வாயை அடைக்க ஒரு நெம்பரு இல்லையேன்னுதான் உன்ற பொண்டாட்டி வருத்தப்படறா.

இதெல்லாம் வெளையாட்டு. நீ இப்பக் கெளம்பியிருக்கறது ரீமேப்பு. எஞ்சினோட மூளையில இருக்கற கணக்கையே அழிச்சுட்டு, எவனோ அனுப்பின கணக்கை ஏத்தறது. அதை எழுதினவன் உன்ற வண்டியைக் கண்ணுல பாத்ததே இல்லை. இதே கோப்பை உன்னாட்ட இன்னும் எத்தனை பேருக்கு வித்தானோ. வண்டி நின்னா வாரண்டி எவ்வளவுன்னு அவனைக் கேட்டுப் பாத்தியா?

உன்ற வண்டி ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோலு, ஏழு கியர் டிஎஸ்ஜி. கம்பெனி குடுத்தது 150 குதிரை, 250 நியூட்டன் மீட்டர் டார்க்கு. அந்த கியர்பாக்ஸை, டிக்யூ200ன்னு பேரு, என்ன கணக்குக்குச் செஞ்சிருக்கறாங்கன்னு தேடிப் பாத்தியா? அதே 250தான். எஞ்சின் குடுக்கறதும் அது தாங்கறதும் ஒரே எடத்துல வந்து நிக்குது. உள்ள இருக்கற ரெண்டு கிளட்சும் எண்ணெயில முங்காத காஞ்ச கிளட்சு. நீ அதுமேல 300 ஏத்தணும்ங்கற. ஏத்து. அவிநாசி ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ந்துக்கிட்டு போறப்ப ஒரு கருகின வாடை வந்துச்சுன்னா, பக்கத்துல போற லாரின்னு நெனச்சுக்க.

எஞ்சினுக்கு மட்டும் பாக்கி வெச்சுச் செய்யறாங்களேன்னு நீ கேப்ப. ஆமா, செய்யறாங்க. சித்திரை மாசத்து வெயிலு, மட்டமான பெட்ரோலு, ஏர் பில்டரையே மாத்தாத ஆளு, மலையேறற வண்டியில ஏழு பேரு. இத்தனைக்கும் சேத்துத்தான் கொஞ்சம் ஒதுக்கி வெக்கறாங்க. நீ அதைச் சும்மா கெடக்கற சக்தின்னு நெனச்சு எடுத்துச் செலவு பண்ணிக்கற. டர்போ கொஞ்சம் எச்சா ஊதுது, பெட்ரோலு கொஞ்சம் எச்சா எரியுது, வெளிய போற காத்து கொஞ்சம் எச்சாச் சுடுது. ஓட்டறதுக்கு வெகு சொகமா இருக்கும், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டன்.

இதெல்லாம் புதுசுன்னு நெனச்சுக்காத. நாங்க சங்ககிரியில லாரி ஓட்டின காலத்துல மைக்கோ பம்புன்னு ஒண்ணு. எஞ்சினுக்கு எத்தனை டீசல் போகணும்னு அளந்து விடறது அதுதான். பம்பு ரூமுல மெசின்ல ஏத்தி, துளி துளியா அளந்து, திருகு மேல கம்பி போட்டு ஈயத்துல சீல் அடிச்சுத் தருவாங்க. கரும்பு லோடு ஏத்தினவன், தொப்பூர் கணவாய் ஏறமாட்டேங்குதுன்னு ராத்திரியோட ராத்திரியா சீலை வெட்டிட்டு ஒரு சுத்து திருகிக்குவான். வண்டி பறக்கும். பின்னால கருப்புப் புகை, அடுத்த ஊருக்காரனுக்கும் தெரியும். பிஸ்டன் ஓட்டையானதும் கம்பெனிக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு போவான். அங்க ஃபோர்மேனு ஒண்ணும் பேச மாட்டாரு. பம்பு பக்கமாக் குனிவாரு. கம்பியை வெரல்ல தூக்கிக் காட்டுவாரு. அவ்வளவுதான் பேச்சு.

உன்ற வண்டியிலயும் அந்தச் சீல் இருக்குது மாப்ள. உன்ற கண்ணுக்குத்தான் தெரியாது. பல வண்டியோட மூளையில எத்தனை தடவை புதுசா எழுதினாங்கன்னு ஒரு கணக்கு தனியா ஓடிக்கிட்டே இருக்கும். எந்தக் கருவியில எழுதினாங்க, எந்தத் தேதின்னுகூடச் சிலதுல பதிஞ்சிரும். சர்வீசுக்கு விட்டா, அந்தப் பையன் வயரைக் குத்தின ஒடனே வண்டி நேரா கம்பெனி சர்வரோட பேச ஆரம்பிச்சுரும். 'என்கிட்ட இருக்கற கணக்கும் உன்கிட்ட இருக்கற கணக்கும் ஒத்துப்போகலையே'ன்னு அது கேக்கும். வெளிநாட்டுல ஆடி, ஃபோக்ஸ்வாகன் வெச்சிருக்கறவங்களைக் கேட்டுப் பாரு, டிடி1ன்னா ராத்திரி தூக்கம் போயிரும். சேஸ் நெம்பரோட ஒட்டிக்கற குறி அது. எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி அதோட காலி. வண்டியை வித்தாலும் குறி வண்டியோடயேதான் போகும்.

சர்வீசுக்கு மொத நாளு பழைய கோப்பையே திருப்பி ஏத்திருவேன்னு கண்ணைச் சிமிட்டற. ஏத்து. எழுதின கணக்கு அப்ப ஒண்ணு கூடும். சரி, கோப்பே வேண்டாம், நடுவுல மாட்டற பொட்டி வாங்கிக்கறேங்கற. சென்சாருக்கும் மூளைக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, 'காத்து அழுத்தம் பத்தலை, இன்னும் ஊது'ன்னு பொய் சொல்லறதுதான அந்தப் பொட்டியோட சோலி? கழட்டிட்டா தடயம் இருக்காதுன்னு கடைக்காரன் சொன்னானா? கோளாறு பதியறப்ப அந்த நொடியில எஞ்சின் எத்தனை சுத்து, எத்தனை சூடு, எவ்வளவு பாரம்னு வண்டி எழுதி வெச்சுக்கும். கம்பெனி குடுக்காத அழுத்தம் அதுல ஏறியிருந்தா, எங்கிருந்து வந்துச்சுன்னு அவிய கேப்பாங்க. அய்யனார் குடுத்தாருன்னு சொல்லிப் பாரு.

இன்னொண்ணு. 2015 செப்டம்பர்ல அமெரிக்காக்காரன் ஃபோக்ஸ்வாகனையே புடிச்சான் பாரு. சோதனை மெசின்ல நிக்கறப்ப ஒரு புகை, ரோட்டுல போறப்ப ஒரு புகைன்னு வண்டிக்குள்ள கணக்கை எழுதி வெச்சிருந்தாங்க. உலகம் பூரா 1 கோடியே 10 லட்சம் வண்டின்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு. இன்ஜினியருங்க கூட்டமே ஒக்காந்து எழுதினதே மாட்டிக்கிச்சு. நீ பொடக்காளியில ஒக்காந்து எழுதினதை சர்வீஸ் மேனேஜரு கண்டுபுடிக்க மாட்டாருன்னு நம்பற. அந்த நம்பிக்கை வேணும் மாப்ள.

வாரண்டியை மறுக்கறதுன்னா இந்த மாத்தத்தாலதான் கெட்டுதுன்னு கம்பெனிதான் காட்டோணும்னு எங்கயோ படிச்சிட்டு வந்து சொன்ன. அது 1975ல போட்ட அமெரிக்காச் சட்டம். நீ இருக்கறது எடப்பாடி ரோடு. இங்க நுகர்வோர் ஆணையம் இருக்குது, போலாம், வாய்தாவுக்கு நானும் தொணைக்கு வாரன். வக்கீலு மொதல்ல வாரண்டி புத்தகத்தைத்தான் கேப்பாரு. கம்பெனி ஒத்துக்காத மாத்தம் செஞ்சா பொறுப்பில்லைன்னு அதுல ஒரு வரி இருக்கும், நீ இன்னும் அந்தக் கவரையே பிரிக்கலை. இன்சூரன்ஸ்காரங்களும் சொல்லாமச் செஞ்ச மாத்தம்னா நல்லாக் கேள்வி கேப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 182ஏன்னு ஒண்ணு இருக்குது, அனுமதியில்லாம வண்டியை மாத்தற ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா, இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லாட்டி ரெண்டுமே. புகையை வடிக்கற சாமானம் பக்கம் கையைக் கொண்டுபோனா அதையும் நெனச்சுக்க.

இத்தனைக்கும் அப்பறமும் செஞ்சே ஆவேன்னா, ஒரு விசயம் மட்டும் நெசமாவே சொல்றன். எழுதறப்ப எஞ்சின் ஓடாது, ஆனா சாவி போட்டே இருக்கும். பேட்டரிதான் அத்தனையும் தாங்கும். ஏசி காத்து, லைட்டு, பாட்டு எல்லாத்தையும் அமத்தி, வோல்டேஜைத் தாங்கிப் புடிக்கற நல்ல சார்ஜரைக் குத்திக்கிட்டுத்தான் ஒக்காரணும். லேப்டாப்புத் திரையில அறுவது சதம் ஓடிக்கிட்டு இருக்கறப்ப கரண்டு கொறஞ்சாலோ, வயரு ஆடினாலோ, பழைய கணக்கும் இல்லை, புதுக் கணக்கும் இல்லை. வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. மூளையைக் கழட்டி மேசை மேல வெச்சு உசுரு குடுக்கோணும். அதுக்கு ஆளு கோயமுத்தூருல இருக்கறான், வண்டியை ஏத்திக்கிட்டுப் போகத்தான் தனிச் செலவு. என்ற டாட்டா ஏஸை வாடகைக்குக் கேக்காத, உன்ற வண்டி அதுல நிக்காது.

வாரண்டி முடியற தேதி அந்தப் பிரிக்காத கவருக்குள்ளதான் இருக்குது. அதுவரைக்கும் அந்த ஓபிடி சாக்கெட்டுல குத்தற, நீல வெளிச்சம் மினுக்கற டாங்கிளை வண்டியிலயே குத்தி வெச்சு பேட்டரியை எறக்காம, என்கிட்டக் குடுத்துட்டுப் போ. என்ற பழைய டீசல் வண்டியில மஞ்ச லைட்டு எரியுது, வாரண்டி முடிஞ்சு வெகு வருசமாச்சு. என்ன கோளாறுன்னு படிச்சுப் பாக்கறதுக்கு எவன் அனுமதியும் வேண்டாம். புளூடூத்து நெம்பரு 1234 தான?