'சூன்' என்னும் வினையடை: ஒரு தாமத ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் 'சூன்' என்றொரு வினையடை உண்டு. பொருள் கேட்டால் 'விரைவில்' என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பிழையன்று, ஆனால் மூலப்பொருளும் அன்று. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'சோனா' என வழங்கியபோது, அதற்கு 'உடனே' என்பதே பொருள்.

'உடனே' எவ்வாறு 'விரைவில்' ஆயிற்று? ஒலித்திரிபு விதிகளால் இதை விளக்கவியலாது. யாம் காணும் காரணம் ஒன்றே: சொன்னவர்கள் உடனே வரவில்லை. காத்திருந்தவர்கள் ஆளைத் திருத்த முடியாமல் சொல்லின் பொருளைத் திருத்திக்கொண்டார்கள்.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்பார் கூற்று நில்லாது. 'அனான்' என்ற சொல்லும் 'உடனே' என்றே பிறந்தது. 1598இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதற்பாகத்தில் பிரான்சிஸ் என்றொரு மதுக்கடைப் பையன் வருகிறான். இளவரசன் ஹால் அவனைப் பேச்சில் பிடித்துவைத்திருக்க, தோழன் பாயின்ஸ் உள்ளிருந்து கூப்பிட, பையன் 'அனான்' 'அனான்' என்று கத்துகிறானே தவிர, காலை நகர்த்துவதில்லை. ஒரு சொல் பொருள் இழப்பதை மேடையிலேயே பார்க்கலாம்.

'பை அண்ட் பை' நிலைமை இன்னும் மோசம். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைத் தட்டில் வைத்து 'பை அண்ட் பை' தரும்படி கேட்கிறாள். அக்காலத்தில் அதற்கு 'இப்பொழுதே' என்று பொருள். இன்றைய ஆங்கிலேயர் படித்தால், அவசரமில்லை, சௌகரியப்பட்டபோது கொடுங்கள் என்று அந்தப் பெண் பெருந்தன்மையாகச் சொன்னதுபோல் இருக்கும். இந்தப் பொருள்மாற்றம் சற்று முந்தி நேர்ந்திருந்தால் யோவானுக்கு உதவியிருக்கும். 'பிரசண்ட்லி'யும் இதே வழியில் போயிற்று.

'நவ்' மட்டும் கற்புடன் நிற்பதாக நம்புவோர் தென்னாப்பிரிக்கா பக்கம் போகாதிருப்பது நலம். அங்கே 'ஜஸ்ட் நவ்' என்றால் பிறகு எப்போதாவது. 'நவ் நவ்' என்றால் அதற்குக் கொஞ்சம் முன்னால். அடுக்கிச் சொன்னால் விரைவு தோன்றும் என்று நம் இலக்கணிகள் சொன்னது அங்கேயும் ஓரளவு பலிக்கிறது.

தனித்து வரும் 'சூன்' அலுவலகங்களில் இன்று எடுபடுவதில்லை. ஆகவே முன்னும் பின்னும் ஒவ்வோர் 'ஆஸ்' நிறுத்தி, கடைசியில் 'பாசிபிள்' என்றும் சேர்த்து, நான்கின் முதலெழுத்துகளை மட்டும் கடிதத்தில் போடுகிறார்கள். அந்தப் 'பாசிபிள்' யாருக்குச் சாதகம் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை.