மெய்நிகர் கார்ப் பந்தயத் தேர்வியல்

கணினிக் கார்ப் பந்தயம் இருவகைப்படும்: சுவரில் மோதிய பின்னும் ஓடுவது, ஓடத் தொடங்குமுன்னே மோதிவிடுவது. பின்னதற்கே சிமுலேஷன் என்று பெயர். காசு கொடுத்து அவமானப்படும் மனப்பக்குவம் இதற்கு முதல் தகுதி.

இத்துறையின் செவ்வியல் படைப்பு, பாப்பிரஸ் உருவாக்கி 1998-இல் வெளியான ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’. அதில் வருபவை 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்கள். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை அவற்றுக்குக் கிடையாது. டயருக்குப் பிடிப்பும் சொற்பம். எஞ்சினுக்கு மட்டும் குறைவில்லை. ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூடுதலாக மிதித்தால் வந்த வழியைப் பார்த்தபடி நிற்கலாம்.

இன்று தனியாக ஓட்டிப் பழக விரும்புவோருக்கு இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-இல் முழுமையாக்கி வெளியிட்ட ‘அசெட்டோ கோர்சா’ போதும். காட்டுப் பாதையில் மரத்தைத் தேடிச் சென்று மோதுவோருக்கு 2004-இன் ‘ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி’. மனிதரோடு போட்டியிட ‘ஐரேசிங்’. இதற்குச் சந்தா உண்டு. பல கார்களையும் தடங்களையும் தனித்தனியே வேறு வாங்கவேண்டும். தடத்தை விட்டு விலகினால் 1 குற்றப்புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு கார்மீது பலமாக மோதினால் 4. யார்மேல் தப்பு என்ற விசாரணையே இல்லை. இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும் ஒரே தண்டனை.

எதை வாங்கினாலும் விசைப்பலகை உதவாது. அம்புக்குறி விசைக்கு ‘முழுக்கத் திருப்பு’, ‘திருப்பாதே’ என்ற இரண்டே நிலைகள்தான் தெரியும். நிஜக் காரில் சறுக்கலை முதலில் உணர்வது இடுப்பு. வீட்டிலோ இடுப்பு நாற்காலியில் நிம்மதியாக இருக்கிறது. ஆகவே, முன்டயர்கள் பிடிப்பை இழக்கையில் கைக்குள் லேசாகிவிடும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங்தான் ஒரே தூதுவன்.

பிரேக் மிதியில்தான் ஆய்வு ஆழமாகிறது. லோட் செல் பொருத்திய மிதி, கால் எவ்வளவு தூரம் போனது என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தியது என்பதையே அளக்கும். அந்த பலத்தை உருளை வைத்த நாற்காலியும் நேர்மையாக ஏற்றுக்கொள்கிறது. வளைவு நெருங்க, கால் மிதிக்க, கார் நிற்க, ஓட்டுநர் மட்டும் பின்னோக்கிப் பயணித்து பீரோவில் முட்டுகிறார். உருளைகளைக் கழற்றுவதோ, நாற்காலியை மேசைக்காலோடு கயிற்றால் கட்டுவதோ நலம்.

எஞ்சியது பார்வைக் கோணம். 60 செ.மீ. அகலமுள்ள திரை கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருந்தால், மெய்யான கோணம் சுமார் 46 பாகை. விளையாட்டிலும் அதே கோணத்தை வைத்தால் தூரமும் வேகமும் சரியாகப் பிடிபடும். பக்கக் கண்ணாடிகள் திரைக்கு வெளியே போய்விடும். தொடக்கநிலையாளருக்கு இதனால் நட்டமில்லை. அவருக்குப் பின்னால் எவரும் வருவதில்லை.